யாருடைய வீட்டு யன்னல்?

முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதிப் பிழைத்து வருபவன் யன்னல் வாங்குவது பற்றி எழுதப் புறப்பட்டிருப்பதைக் கண்டு நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். அரசியல் எழுதி அலுத்துவிட்டதா என்று கேட்பவர்களும் இருப்பர். ஆனால் கடந்த வருடம் யாழ்ப்பாணத்தில், வலிகாமத்திலுள்ள எங்கள் பெற்றோரின் வீட்டு யன்னல்களை மாற்றுகின்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. தை மாதம் தொடங்கிய வேலை ஆடியில்தான் முடிந்தது. அந்த மாதங்களில் நான் கேட்டும் பார்த்தும் அறிந்தவை, வெளிநாடுகளில் இருந்துகொண்டு ஊரிலுள்ள வீட்டைத் திருத்துவதற்குப் பணம் அனுப்புகின்ற பலருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். கொழும்பிலிருந்து வாரக்கடைசிகளில் புகையிரதத்தில் போய்வந்து செய்த வேலை என்பதால், தொலைவிலிருந்து வீடு திருத்துவதன் சங்கடங்களும் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர் என்னுடைய அக்கா. ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் காலமாகிப் பல வருடங்கள். மகன் ரொறன்ரோவில். வீட்டுக்குப் பதினொரு யன்னல்கள். மாரி மழையோடு வீசிய காற்றில் ஒரு யன்னற்கதவு பிணைச்சலோடு கழன்று முற்றத்தில் விழுந்ததும், அடுத்த கிழமையே அயலில் ஒரு வீட்டில் உக்கிப்போன யன்னலைத் தள்ளிக்கொண்டு திருடர் புகுந்ததும், தனியே இருக்கும் அக்காவின் நித்திரையைக் கெடுத்துவிட்டன. விடயம் மருமகனின் காதுக்கு எட்டியதும் இரண்டே நாட்களில் அவன் தீர்ப்பு வழங்கிவிட்டான். “மாமா, பதினொண்டையும் கழட்டி எறிஞ்சுபோட்டு அலுமினியம் போடுங்கோ. காசை நான் பாக்கிறன்” என்றான்.

அவன் பார்க்கின்ற காசு எப்படி வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொன்று. வீட்டுக் கடன் தனி. விலைக்கூறலைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்த அக்கா அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “அவன்ரை நித்திரையை வித்து நான் இஞ்சை நித்திரை கொள்ளமாட்டன், தம்பி. என்ரை காசிலை ஏலுமெண்டால் செய்வம்.” அக்காவின் காசு என்பது ஓய்வூதியத்தில் சேமித்த ஒரு சிறு தொகை. வருத்தம் வந்தால் அதற்கும் அதுதான்.

தொகைகளை இங்கே ரூபாவில் சொல்வதால் பயனில்லை. இந்நாட்டில் கட்டடப் பொருட்களின் விலை நிலையானதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று மே மாதமளவில் 360 ரூபா வரை சென்றது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமாயிற்று. அலுமினியச் சட்டத்தை உள்ளூரில் வார்த்தாலும் மூல உலோகம் கப்பலில் வருகிறது, கண்ணாடியும் அவ்வாறே. எனவே மருமகன் சொன்ன முறைக்குக் கிடைத்த முதலாவது விலைக்கூறலை நூறு என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் சட்டத்தில், அதாவது இப்போது யுபிவிசி என்று சொல்லப்படுவதில், கேட்டபோது அது நூற்றைம்பதைத் தாண்டியது. அக்காவின் கையில் இருந்தது நாற்பத்தைந்து.

மருமகனில் பிழை சொல்வதற்கில்லை. அவன் வாழுகின்ற நகரில் யன்னல் என்பது குளிரைத் தடுக்கின்ற சுவரின் ஒரு பகுதி. இரண்டு கண்ணாடி, மூன்று கண்ணாடி, நடுவே ஆர்கன் வாயு, கண்ணாடியின் மேல் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு என்று அங்குள்ள யன்னல்கள் ஒரு விஞ்ஞானம். பழைய ஒற்றைக் கண்ணாடி யன்னலால் வீட்டின் சூடு வெளியே ஓடுகிறது. சூடாக்குவதற்கான கட்டணம் ஏறுகிறது. கனடிய மத்திய அரசு 2021இல் தொடங்கிய வீட்டு எரிசக்தி மானியத் திட்டத்தில் யன்னல்களும் அடங்கியிருந்தன. மானியம் 5,000 டொலர் வரை. ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்னரே வீட்டை மதிப்பீடு செய்விக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் திட்டத்தில் புதிய விண்ணப்பங்கள் ஏற்பது 2024இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அங்கேயும்கூட, முழு யன்னலையும் மாற்றுவதற்கு முன் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குகளை அடைத்துப் பார்ப்பதே மலிவான முதற்படி. யன்னல் விற்பவர் அதை முதலில் சொல்லமாட்டார்.

யாழ்ப்பாணத்து யன்னலின் வேலை வேறு. பழந்தமிழில் யன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு, சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. யன்னல் என்ற சொல்லோ போர்த்துக்கீசரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது. காற்றின் வழி என்ற பொருளை இழந்துவிட்டு வெறும் சொல்லை வைத்துக்கொண்டு நிற்கிறோமோ என்று சில புதிய வீடுகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதுண்டு. வைகாசி தொடங்கி மாதக்கணக்காக வீசுகின்ற சோளகக் காற்றுக்குத் தெற்கு யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மாரியில் வாடைக் காற்றோடு சாய்ந்து அடிக்கின்ற மழைக்கு வடக்கும் கிழக்கும் இறுக மூட வேண்டும். மேற்கு வெயிலை மறைக்க வேண்டும், ஆனால் காற்றை மறிக்கக்கூடாது. கள்ளனுக்கும் நுளம்புக்கும் தடை வேண்டும். திறந்துவைப்பதற்கென்றே உள்ள யன்னலில் இரண்டு கண்ணாடி இருந்தால் என்ன, மூன்று இருந்தால் என்ன?

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தபோதுதான் முதலாவது விலைக்கூறலில் ஒளிந்திருந்த ஒரு விடயம் பிடிபட்டது. அது தள்ளித் திறக்கின்ற யன்னல். ஒரு கண்ணாடி மற்றதன் பின்னால் சென்று ஒளிந்துகொள்ளும். பார்க்க அழகு. கதவு வெளியே நீட்டாது. ஆனால் நான்கடிக்கு நான்கடி யன்னலில், பதினாறு சதுர அடிக்குக் காசு கொடுத்துவிட்டு எட்டுச் சதுர அடிக் காற்றைத்தான் வாங்குகிறோம். கதவுகள் வெளிப்புறமாக விரியும் யன்னலில் பதினாறும் காற்றுக்குத்தான். சோளகம் கொண்டுவரும் புழுதி தள்ளுயன்னலின் அடித்தண்டவாளத்தில் படிந்து உருளைகளை இறுக்கிவிடுவதையும், மாரியில் அதே தண்டவாளத்தில் நீர் தேங்குவதையும் அயல்வீடுகளில் கண்டேன். சதுர அடி விலையை மாத்திரம் ஒப்பிட்டால் தள்ளுயன்னல் மலிவு. திறக்கும் சதுர அடியை ஒப்பிட்டால் அதுவே விலை கூடியது.

இதற்குப் பின்னர்தான் ஓடாவியாரை அழைத்தோம். உண்மையில் அவரைத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும் என்று இதை வாசிக்கின்ற எவருக்கும் சொல்வேன். யன்னல் விற்பவர் வந்தால் யன்னலின் அளவை எடுப்பார். ஓடாவியார் வந்தால் யன்னலின் நோயைப் பார்ப்பார். எழுபதை நெருங்குகின்ற அந்த மனிதர் கையில் கொண்டுவந்தது ஒரு நீளமான ஆணி, ஒரு சிறிய சுத்தியல். ஒவ்வொரு நிலையின் அடிமூலைகளிலும் ஆணியை ஊன்றிப் பார்த்தார். மழைநீர் வடிந்து நிற்பது அங்கேதான், உக்குவதும் அங்கேதான். பின்னர் நிலையின் உடம்பைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்தார். கறையான் உள்ளே தின்றிருந்தால் சத்தம் வேறு.

“ரீச்சர், உங்கட யன்னல் ஏழுக்கு நிலையிலை ஒரு வருத்தமும் இல்லை. கதவுதான் சரியில்லை. மற்ற நாலும் நிலையோடை போட்டுது” என்றார்.

அந்த ஏழு நிலைகளும் அறுபதுகளில் அப்பா வீடு கட்டியபோது வைத்த முதிரை மரம். சுவருக்குள் இருக்கும் பக்கத்துக்குத் தார் பூசி வைத்தது. அறுபது வருடங்களுக்குப் பிறகும் ஆணி கால் அங்குலம்கூட இறங்கவில்லை. ஒன்றின் அடிக்கட்டையில் மட்டும் ஒரு முழம் உக்கல். அதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்துண்டு பொருத்தினால் போதும் என்றார்.

நிலையைக் காப்பாற்றுவதால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி அகலம், நான்கடி உயரம், மூன்று கதவுள்ள ஒரு யன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக இரண்டு ஐந்தடிக் கட்டைகள்; நிமிர்ந்து நிற்பவை நான்கு நான்கடிக் கட்டைகள். மொத்தம் 26 அடி. நான்கங்குலத்துக்கு மூன்றங்குலக் கட்டையானால் 2 கன அடியைச் சற்றுத் தாண்டும். கண்ணாடி பொருத்துகின்ற மூன்று கதவுகளின் சட்டங்களுக்கோ ஒரு கன அடி மரமே போதும். அதாவது யன்னலின் மரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலையில் இருக்கிறது. அதுமட்டுமல்ல, நிலையைக் கழற்றினால் சுவர் உடையும். பிறகு மேசன், சீமெந்து, பூச்சு, பெயின்ற், ஒருவேளை நிலத்தில் ஒரு வெடிப்பு. முதலாவது விலைக்கூறலில் இவை ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் கேட்டபோது “அது உங்கட மேசன் பாக்கவேணும்” என்றார்கள்.

மற்ற நான்கு நிலைகளும் ஏன் போயின என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் ஆறு மாதங்கள். 1996 மே மாதம் திரும்பிவந்தபோது வீடு நின்றது. கதவுகளும் யன்னல்களும் இல்லை. பதினொரு யன்னலின் கதவுகளும் போய்விட்டன. நான்கு யன்னல்களை நிலையோடு பெயர்த்திருந்தார்கள். அந்த இடங்களில் சுவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. யார் கழற்றியது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது. அப்பா அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை.

சில வாரங்களில் வீதியோரங்களில் பழைய கதவு யன்னல்கள் விற்பனைக்கு வந்தன. புதியது வாங்குவதற்கு வழியில்லை. 1990 முதல் சீமெந்தும் இரும்பும் குடாநாட்டுக்குள் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தின் தட்டுப்பாடு இன்னும் தீர்ந்திருக்கவில்லை. நானும் அப்பாவும் சைக்கிளில் போனோம். நல்ல தேக்கு, நல்ல முதிரை, மரக்காலை விலையில் கால்வாசி. அப்பா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு யன்னற்கதவின் உட்புறத்தில் யாரோ ஒரு பிள்ளை வெண்கட்டியால் ஏழாம் வாய்பாடு எழுதியிருந்தது; அரைவாசியில் நின்றுவிட்டது. அப்பா அதைத் திரும்பவும் அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வரும் வழியில் ஒரு வசனந்தான் சொன்னார்: “உதிலை ஒவ்வொண்டும் ஒரு வீடு, மேனே.”

அதன் பிறகு அவர் செய்தது, எங்கள் வளவில் செல் விழுந்து முறிந்து கிடந்த மாமரத்தைப் பலகையாக்கியது. அதற்கும் ஆலையில் இலேசில் சம்மதிக்கவில்லை. மரத்துக்குள் இரும்புத்துண்டு இருந்தால் வாளின் பல் போய்விடும் என்பது அவர்களுடைய பயம். குடாநாட்டு மரங்களுக்கு அப்போது அப்படியொரு வியாதி இருந்தது. கடைசியில் கைவாளால் அறுத்தார்கள். மாம்பலகை யன்னலுக்கு ஏற்ற மரமல்ல என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நான்கு நிலையும் பதினொரு யன்னலின் கதவுகளும் அந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. கறையான் எடுத்ததும் புழு அரித்ததும் போக, வருடாவருடம் பெயின்ற் பூசியே அவை இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தன என்றால் அது அக்காவின் கைராசி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இன்று யாழ்ப்பாணத்தில் யன்னலுக்கு மிகவும் மலிவான வழி பழைய யன்னல் வாங்குவதுதான். ஓடாவியார் அதைத்தான் முதலில் சொன்னார். இப்போது வருகின்ற பழைய யன்னல்களின் கதை 1996இன் கதையல்ல. வெளிநாட்டிலிருப்பவர்கள் பெற்றோரின் நாற்சார் வீடுகளை இடித்துவிட்டு மாடிவீடு கட்டுகிறார்கள். நூறு வருடத் தேக்கும் முதிரையும் வெளியே வருகின்றன. இன்று மரக்காலையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத முற்றிய மரம். காய்வதற்கு இனி ஒன்றும் இல்லாதபடி காய்ந்த மரம், முறுகாது, சுருங்காது. இடிப்பவருக்கோ அது குப்பை. கொழும்பிலே இதே பொருளுக்கு வேறு மதிப்பு. ஜெப்ரி பாவா 33ஆம் ஒழுங்கையிலுள்ள தமது வீட்டில் பழைய கதவுகளையும் செட்டிநாட்டுத் தூண்களையும் கொண்டுவந்து வைத்த பிறகு, எங்கள் தாத்தாமார் சிக்கனத்துக்காகச் செய்தது அங்கே நாகரிகமாகிவிட்டது. தெற்கிலிருந்து வியாபாரிகள் இங்கு வந்து வாங்கிப்போவதும் அதனாற்றான்.

ஓடாவியாருக்குத் தெரிந்த ஒரு தரகரிடம் போனோம். கொட்டிலில் யன்னல்கள் அடுக்கியிருந்தன. விலை நியாயம். நான் அளவுநாடாவை எடுத்தேன். அக்கா நாடாவைப் பார்க்கவில்லை.

“உது ஆற்றை வீட்டு யன்னல்?” என்று கேட்டார்.

“வெளிநாட்டுக்காரர் வீடு ரீச்சர்.”

“எந்த ஊர்? ஆர் பேர்?”

தரகர் சிரித்து மழுப்பினார். எத்தனையோ வீடு, எல்லாம் ஞாபகத்தில் இருக்குமா என்றார். அக்கா மறுபேச்சின்றி முச்சக்கரவண்டியில் போய் ஏறிக்கொண்டார். பூட்டிக்கிடக்கின்ற எத்தனையோ வீடுகள் ஊரில் உண்டு என்பதும், அவற்றிலிருந்து பொருட்கள் கழற்றப்படுவது இன்னும் முற்றாக நின்றுவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கைக்கெட்டிய மலிவை விட்டுவிட்டுத் திரும்புவது எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தத் தரகரிடம் களவுப்பொருள் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத பொருளை அந்த வீட்டுச் சுவரில் வைப்பதற்கு அக்கா தயாரில்லை, அவ்வளவுதான். 1996இல் சைக்கிளில் திரும்பிய அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டு மாதங்கள் சும்மா போயின. பிறகு ஓடாவியாரே தகவல் கொண்டுவந்தார். அடுத்த ஊரில் ஒரு பழைய வீடு இடிபடப் போகிறது. உரிமையாளர் இலண்டனிலிருந்து வந்து நிற்கிறார். போய்ப் பார்த்தோம். யன்னல்கள் இன்னும் சுவரிலேயே இருந்தன. இதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்ற விடயம்: பழைய யன்னலை அது நிற்கின்ற வீட்டிலேயே பார்த்து வாங்குங்கள். திறந்து மூடிப் பார்க்கலாம். எந்தப் பக்கத்து மழையில் நனைந்தது, எது நிழலில் நின்றது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தரகரின் பங்கு மிச்சம். எல்லாவற்றையும்விட, இடிப்பவர்கள் அலவாங்கால் நெம்புவதற்கு முன் நம்முடைய ஆளே கழற்றலாம். அந்த வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நிலைகள் காயமில்லாமல் வந்தன. சீமெந்துச் சுவரென்றால் அது இவ்வளவு இலகுவல்ல.

மூன்று முழு யன்னல்களும், வேறு சில யன்னல்களின் கதவுகள் மட்டும் ஒரு தொகையும் வாங்கினோம். கதவுகள் எங்கள் நிலைகளின் அளவுக்கு அப்படியே பொருந்தாது என்று நான் தயங்கினேன். “பெரிசைச் சீவலாம் தம்பி, சின்னனைத்தான் வளக்க ஏலாது” என்றார் ஓடாவியார். எனவே எங்கள் அளவிலும் ஓரிரு அங்குலம் கூடியவற்றையே தெரிவுசெய்தோம். ஏழு நிலைகளில் ஐந்துக்கு அவ்வாறு கதவு கிடைத்தது. இரண்டுக்குப் புதிதாகச் செய்தோம். புதுமரத்தைப் பச்சையாக வாங்கினால் மலிவு. ஆனால் ஒரு கோடையில் முறுகி, மூடாத யன்னலாகிவிடும். ஆதலால் அந்த இரண்டுக்கும் காய்ந்த மரத்துக்கே காசு கொடுத்தோம். எங்கள் வளவில் நிற்கின்ற பட்டுப்போன பலாவைப் பயன்படுத்தலாமா என்றும் ஒரு யோசனை எழுந்தது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். சொந்த வளவானாலும் அதுதான். அலைவதற்கு அக்காவுக்கு மனமில்லை. மரம் இன்னும் நிற்கிறது.

காசு கொடுத்த இடத்தில் அக்கா ஒரு கொப்பித்தாளை எடுத்து, இன்ன விலாசத்து வீட்டிலிருந்து இத்தனை யன்னல், இத்தனை கதவு, இன்ன தொகைக்கு என்று எழுதி, உரிமையாளரிடம் கையொப்பம் வாங்கினார். இலண்டன்காரர் முதலில் வியந்தார். பிறகு விடயம் விளங்கியதும் ஒன்றும் பேசாமல் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் இப்போது வீட்டு உறுதியோடு ஒரே உறையில் இருக்கிறது. வீதியில் மரத்தளபாடம் ஏற்றிச் செல்லும்போது பொலிஸார் மறித்துக் கேட்டாலும் அது உதவும் என்பது ஓடாவியாரின் கருத்து.

சில்லறை விடயங்களில் சிக்கனம் பிடிக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு: பிணைச்சலும் கொண்டியும். கடலிலிருந்து நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் பெருமைப்பட முடியாது. இரும்புப் பிணைச்சல் கறள்பிடித்து வீங்கி, மரத்தையும் வெடிக்கவைத்துவிடும். பித்தளை பலமடங்கு விலைதான். ஆனால் பழைய யன்னல்களோடு வந்த பித்தளைப் பிணைச்சல்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தபோது புத்தம்புதிதாக மின்னின. பழைய யன்னல் வாங்கியதில் கிடைத்த இலாபங்களில் இதை நான் கணக்கில் எதிர்பார்க்கவில்லை. நுளம்புவலையை யன்னலோடு சேர்த்துச் செய்யாமல், உட்புறத்தில் கழற்றிக் கழுவக்கூடிய தனிச்சட்டமாகப் போட்டோம்.

காலமும் ஒரு செலவுதான். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கும் மாதங்களில் ஓடாவிமாருக்கும் மேசன்மாருக்கும் நிற்க நேரமில்லை, கூலியும் ஏறிவிடும். அதன்பின் மாரி வந்துவிடும். பொங்கல் கழிந்து சித்திரைக்குள் வேலையைப் பேசி முடிப்பவருக்கு ஆளும் கிடைக்கும், விலையும் பேசலாம். எங்களுக்குத் தரகரோடு மாதங்கள் போனதால் வேலை ஆடிக்கு இழுபட்டது. கடைசி இரண்டு கிழமைக் கூலியில் அதன் விலையைக் கொடுத்தோம்.

கேரளத்தில் வாழ்ந்து 2007இல் காலமான லொறி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், ஏழைகளின் வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி எழுதியவற்றில், ஒரு யன்னலின் செலவு அது நிற்கின்ற இடத்தில் சுவர் இருந்தால் ஆகக்கூடியதைவிடப் பத்து மடங்கு வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறார். வீடு கட்டுபவர் யன்னலின் எண்ணிக்கையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா தவணைகளாகக் கொடுக்கப்பட்ட காலத்தில் வன்னியில் செய்தி சேகரிக்கப் போனபோது, சுவரும் கூரையும் முடிந்து யன்னலுக்குக் காசு முடிந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நிலை வைத்த இடத்தில் சேலை, தறப்பாள், உரப்பை. ஒரு தாய் சொன்னார்: “காத்து நல்லா வருது தம்பி, பாம்புதான் பயம்.” அந்த வசனத்தை அன்று செய்தியில் சேர்த்தேன். இடமில்லை என்று ஆசிரியர்பீடத்தில் வெட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு கடைசியில் நாற்பத்தொன்றில் முடிந்தது. நூறென்று தொடங்கியது. நாற்பத்தொன்றில் பெயின்ற், கூலி, நுளம்புவலை, அந்த இலண்டன்காரருக்குக் கொடுத்த விலை எல்லாம் அடக்கம். ஒரு அலுமினிய யன்னலும் அடக்கம்.

நிலையோடு போன நான்கில் மூன்றுக்குத்தான் பழைய யன்னல். நான்காவது, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் படுக்கின்ற அறை. பேரப்பிள்ளைகள் வந்தால் குளிரூட்டி இல்லாமல் நித்திரை கொள்ளாதுகள், மரக்கதவு எவ்வளவு பொருந்தினாலும் இடுக்கால் குளிர் கசியும், மின்கட்டணம் எகிறும். அவ்வறைக்கு அலுமினியச் சட்டத்தில், இறப்பர் விளிம்போடு இறுக மூடுகின்ற கண்ணாடிக் கதவு யன்னல்தான் சரி என்று ஓடாவியாரே சொன்னார். தமக்கு அதில் கூலி கிடையாது என்று தெரிந்தும் சொன்னார். மூன்று இடங்களில் விலைக்கூறல் எடுத்தோம். மூன்று பேருக்கும் ஒரே தாளில் ஒரே விபரம் கொடுத்தோம்: கண்ணாடி ஐந்து மில்லிமீற்றர், சட்டத்தின் தடிப்பு இவ்வளவு, சுவர் பூச்சும் போக்குவரத்தும் உள்ளடங்கலாக. அவ்வாறு கேட்டபோது மிக மலிவாகத் தோன்றியவர் மூன்றாமிடத்துக்குப் போனார்.

மொத்தச் செலவில் ஏறத்தாழக் கால்வாசி அந்த ஒரு யன்னலுக்குப் போயிற்று. அதற்கான காசை மருமகன் அனுப்பினான். அதை மட்டும் அக்கா திருப்பி அனுப்பவில்லை.